ஐம்பதில் ஒரு ரவை

பிள்ளை,

இதை நான் வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா அனுப்பியதை நீ அப்படிக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். பாவம் மனுசன், அணில் கத்துவதுபோல இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதழுது போன பிள்ளை நீ, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். இந்தக் கடிதத்துக்கு அந்த வேகம் போதும். கார்த்திக்கிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவர் நல்ல பிள்ளை, ஆனால் இது உனக்கும் எனக்கும் இடையில் கிடக்கிற விசயம்.

போன ஞாயிறு அவர்தான் தொலைபேசி எடுத்தார். "அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. குழந்தை பொறந்ததும் முதல் ஒரு மாசம் நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்துக்கிறோம்னு அவ சொல்றா. அதுக்கப்புறம் நீங்க தாராளமா வாங்க" என்றார். எவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்தாரோ தெரியாது, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "ஓம் தம்பி, அதுக்கென்ன" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு குசினிக்குள் போய்ப் பானை சட்டியை உடைக்காத குறை. எங்கள் ஆட்களில் பிள்ளை பெற்ற மகளிடம் தாய் போகாமல் இருந்த கதை உண்டா? முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் மிளகும் மல்லியும் இடித்த சரக்குக் கறி வைத்து, தண்ணீர் வார்த்து, பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் பூசுவது யார் வேலை? நாங்கள் இருக்கிற அஹுன்ட்சிக்கிலிருந்து நீ இருக்கிற புரோசார்டுக்கு என்ன கடலா கிடக்கிறது, ஒரு பாலம்தானே. இப்படியெல்லாம் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவளுக்கு உன்னிலை பயமெண்டு நினைக்கிறன்" என்றார். "என்னிலை என்ன பயம்? நான் என்ன துவக்கோடையே போறன்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் துப்பாக்கிக் கதை என் வாயிலிருந்து வந்துவிட்டது என்று எனக்கே விளங்கியது. அப்பா மடித்த பேப்பரைத் திரும்ப விரித்தார்.

நீ அந்த நாளைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. உனக்குப் பத்தொன்பது வயது. இப்போது முப்பத்தொன்று. பன்னிரண்டு வருசமாக இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்து போய்க்கொண்டிருக்கிறோம், வீட்டு நடுவில் கிடக்கிற ஒரு பெட்டியைச் சுற்றிப் போவதுபோல. இன்றைக்கு அதைத் திறந்துவிடுகிறேன். நான் உனக்குச் சொன்ன பொய் ஒன்றில்லை, மூன்று. மூன்றையும் சொல்லித்தான் எழும்புவேன்.

முதலில், நான் ஏன் துவக்குத் தூக்கினேன் என்பதை நீ சரியாக அறியமாட்டாய். உன் சிநேகிதிகளின் அம்மாமார் சேலை வியாபாரம், சீட்டு, கோயில் மாலை என்று இருக்க, உன் அம்மா மாத்திரம் ஞாயிற்றுக்கிழமைகளில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு இலக்குச் சுடப் போகிறாள் என்று உனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. துறைமுகத்துப் பக்கத்துக் கிட்டங்கியில் என்னோடு பெட்டி எண்ணிய லீஸை உனக்குத் தெரியும். அவளும் புருசனும் ஒரு சுடும் கழகத்தில் இருந்தார்கள். ஒருநாள் கொள்கலன் ஒன்று பாரந்தூக்கியிலிருந்து தவறிக் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் எல்லாரும் துள்ளினார்கள், பிறகு சிரித்தார்கள். நான் துள்ளவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் குந்தி, தலையை முழங்காலுக்குள் வைத்து, லீஸ் வந்து தோளைத் தொடும் வரைக்கும் அப்படியே இருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கிழமை, "என்னோடு ஒருநாள் வந்து பார். சத்தத்தை நீயே உண்டாக்கினால் அது வேறு மாதிரி இருக்கும்" என்றாள். என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சிலும் அவளுடைய அரைகுறை ஆங்கிலத்திலும்தான் கதைத்தோம். ஆனால் அந்தச் சொல் எனக்கு முழுதாக விளங்கியது.

அதற்குப் பின்னால் இருக்கிற கதை சின்னது. எனக்குப் பதினேழு வயதில், யாழ்ப்பாணத்தில், ஒரு காலையில் ஆமி வீட்டுக்குள் வந்தது. வரும்போதே வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து என்னவோ கேட்டான். பெயர்தான் கேட்டிருப்பான். எனக்கு என் பெயர் வாயில் வரவில்லை. என் அப்பா எனக்காகப் பதில் சொல்ல முன்னால் வந்தார், கன்னத்தில் அடி வாங்கினார். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, ஒன்றும் எரியவில்லை. இதைவிடப் பெரிய கதைகள் உள்ள சனம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அடியின் சத்தம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. என் மகள் ஒருநாளும் இப்படி வாயடைத்து நிற்கக்கூடாது என்று நீ வயிற்றில் இருக்கும்போதே நினைத்துவிட்டேன். நல்ல நினைப்புத்தான். அதை வைத்து நான் செய்தவைதான் பிழை.

வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி வாங்கி, றிவோல்வர் வாங்க ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. உன் அப்பா, "உனக்கென்ன விசரே? ஆமிக்குப் பயந்து ஓடி வந்து இஞ்சை நீ துவக்கு வாங்கப்போறியே?" என்று கேட்டார். கேட்டாலும் கடைக்கு அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். நான் வாங்கியது மக்னம் றிவோல்வர். ஆறு ரவை பிடிக்கும் உருளை, நீண்ட குழல், கையில் எடுத்தால் அம்மிக் குழவிபோலப் பாரம். ரவை என்றால் கார்த்திக்கின் ஊரில் தோட்டா என்பார்கள். அந்த றிவோல்வருக்கு இரண்டு வகை ரவை பொருந்தும். ஒன்று முப்பத்தெட்டு ஸ்பெஷல், மற்றது மக்னம். இரண்டின் குண்டும் ஒரே பருமன். மக்னத்தின் பித்தளைக் கூடு, அந்தக் கோது மாத்திரம் ஒரு நெல்லின் அகலத்துக்கு நீளம் கூட. மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்கூடச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. சுட்டால் தெரியும். சின்னது கையை ஒரு தள்ளுத் தள்ளும். மக்னம் மணிக்கட்டிலிருந்து தோள்வரை அறையும், குழல் வாயிலிருந்து நெருப்பு ஒரு முழம் பாயும்.

லீஸ் எனக்கு முதல் நாளே சொல்லித் தந்தது இதுதான்: பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதே, துவக்கு எதைத் தாங்கும் என்றும் பார்க்காதே, உன் கை எதைத் தாங்கும் என்று பார். கடதாசியில் ஓட்டை போடுவதற்குச் சின்ன ரவை போதும், அதிலும் மூக்குத் தட்டையான ஈயக் குண்டு வைத்தது. அது கடதாசியில் பட்டால் கந்தோரில் பைல் குத்துகிற கருவியால் குத்தினதுபோல வட்டமாக, சுத்தமாக ஒரு ஓட்டை விழும். புள்ளி எண்ணுவதற்கு வசதி. மக்னம் பழக ஆசை வந்தால் முதலில் பாரமான, மெதுவாகப் போகிற குண்டாகப் பார்த்து வாங்கு, லேசான குண்டு வேகம் கூட, வெடிப்பும் வெளிச்சமும் கூட, அது பழகினவர்களுக்கு என்றாள். இதையெல்லாம் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, கடைக்குத் தனியாகப் போன ஒருநாள் கடைக்காரன் என்ன வேலைக்கு ரவை என்று கேட்டபோது, "இருக்கிறதிலை பெலமானது" என்றேன். என் பிரெஞ்சு அவனுக்கு விளங்கியதோ, என் முகம் விளங்கியதோ, லேசான குண்டு வைத்த மக்னம் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். ஐம்பது ரவை. வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இனி அந்த நாள். நீ யூனிவெர்சிட்டி முதல் வருசம். கழகத்தில் விருந்தாளிகளைக் கூட்டி வரலாம் என்று வைத்திருந்த ஒரு ஞாயிறு. "நானும் வாறன் அம்மா" என்று நீயாகத்தான் கேட்டாய். பிள்ளை, உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா தெரியாது, எனக்கு இருக்கிறது. நான் கூப்பிடவில்லை. நீ கேட்டாய். வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினோம். வழியில் ஒரு மூலைக் கடையில், டெபனரில், நிறுத்திக் கோப்பி வாங்கினாய், எனக்கு இரண்டு சீனி போட்டு நீயே கலக்கித் தந்தாய். உன் வகுப்பில் ஒரு பெடியன் எல்லாக் கேள்விக்கும் முதல் கை தூக்குகிறான் என்று சொல்லிச் சிரித்தாய். அவ்வளவு கதை நீ என்னோடு அதற்குப் பிறகு கதைத்ததில்லை.

லீஸ் உனக்காக ஐந்து சின்ன ரவைகளை மேசையில் வரிசையாக நிற்க வைத்தாள். புதிதாகச் சுடுபவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு ரவை மட்டுமே போடவேண்டும் என்று சொல்லி, விருந்தாளிப் புத்தகத்தில் உன் பெயரை எழுத உள்ளே போனாள். நீ கண்ணாடியைப் போட்டு, காது மூடியைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலக்கைப் பார்த்து நின்றாய். உன் தோள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசையில் யாரோ சுட்டபோது நீ துள்ளினாய். அந்தத் துள்ளல், பிள்ளை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது என்னுடைய துள்ளல். பதினேழு வயதில் நான் நின்ற மாதிரி நீ நின்றாய். இதை இவளிடமிருந்து இன்றைக்கே, ஒரே அடியில் எடுத்துவிடவேண்டும், பெரிய சத்தத்தை முதலில் கேட்டுவிட்டால் பிறகு எந்தச் சத்தத்துக்கும் பயப்படமாட்டாள் என்று நினைத்தேன். பையிலிருந்த மக்னம் பெட்டியைத் திறந்து, ஒரு ரவையை எடுத்து உருளைக்குள் போட்டு மூடி, உன் கையில் தந்தேன். "பெரிசோ அம்மா?" என்று கேட்டாய். "சின்னது, ஒண்டும் செய்யாது, நான் சுடுறதுதான்" என்றேன். இது முதலாவது பொய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சத்தத்துக்கு உள்ளே இருந்த லீஸ் ஓடி வந்தாள். அது சின்ன ரவையின் சத்தமில்லை என்று அவளுடைய காதுக்குத் தெரியாதா. உன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலிருந்த சதை கிழிந்து இரத்தம் வந்தது. நீ றிவோல்வரை மேசையில் ஒழுங்காக, குழலை முன்னால் பார்க்க வைத்துவிட்டுத்தான் கையைப் பொத்தினாய். அந்த நேரத்திலும் சொல்லித் தந்ததை மறக்கவில்லை. அதைக்கூட நான் சொல்லிப் பாராட்டவில்லை. லீஸ் உன்னை மர வாங்கில் இருத்திக் கைக்குப் பஞ்சு வைத்தாள். எல்லாரும் சுடுவதை நிறுத்தியதும் நான் இலக்குத் தாளை எடுக்க நடந்து போனேன். திரும்பி வந்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "தாளிலையே படேல்லை. எழும்பு, இன்னொருக்கா அடி" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "போதும் அம்மா" என்றாய். லீஸ் அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வரும்வரை நீ யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் வானொலியைப் போட்டேன்.

அந்த நாளில் இருந்து நீ எனக்கு எதையும் செய்து முடித்த பிறகுதான் சொன்னாய். படிப்பை மாற்றிய பிறகு சொன்னாய். வேலையை எடுத்த பிறகு சொன்னாய். புரோசார்டில் வீடு எழுதிய பிறகு சொன்னாய். கார்த்திக்கை முடிவு செய்துவிட்டு எங்களோடு தேத்தண்ணி குடிக்கக் கூட்டிவந்தாய். வயிற்றில் ஐந்து மாதம் ஆன பிறகு படம் அனுப்பினாய். நான் ஒவ்வொரு முறையும் கோபித்தேன், "தாயெண்டு ஒருத்தி இருக்கிறாள் எண்ட நினைப்பே இல்லை" என்று ஊரெல்லாம் சொன்னேன். நீ ஏன் முன்கூட்டியே சொல்வாய்? சொன்னால் நான் என்ன போட்டுத் தருவேன் என்று உனக்குத் தெரியாதே.

அது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் குணம் மட்டும் இல்லை. ஆறாம் வகுப்பில் உன் பிரெஞ்சு ரீச்சரைப் பார்க்கப் போனோமே. எனக்கு அந்த நேரம் 'போன்ஜூர்', 'மெர்சி'க்கு மேல் வராது. நீதான் நடுவில் இருந்து சொன்னாய். ரீச்சர் கையை விரித்து விரித்து நீளமாக ஏதோ சொன்னார். நீ குனிந்துகொண்டு, "நான் வகுப்பிலையே கெட்டிக்காரியாம்" என்றாய். உன் காது சிவந்துவிட்டது. ஒரு பிள்ளை தன்னுடைய புகழ்ச்சியைத் தானே மொழிபெயர்க்க வேண்டி வந்தால் எப்படி வெட்கப்படும்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கணக்கிலை ஏன் குறைஞ்சதெண்டு கேள்" என்றேன். நீ கேட்டாய். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சினால் கண்ணூறு பட்டுவிடும், தலைக்கனம் வந்துவிடும், கால் தடுக்கும் என்று பயம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, "எங்கடை பிள்ளை முதலாவதாம்" என்று சொன்னேன். அவர் எழும்பிச் சாமியைக் கும்பிட்டார். கதவுக்கு வெளியே நீ வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். உன்னைப் பற்றிய நல்ல செய்தி எங்கள் வீட்டில் உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போன இலையுதிர் காலத்தில் என் குறி பிசகத் தொடங்கியது. எல்லா ஓட்டைகளும் கீழே, இடப்பக்கம் விழுந்தன. றிவோல்வரின் குறிமுனை வளைந்துவிட்டது என்று நான் சண்டை பிடித்தேன். லீஸ் சிரித்தாள். "இன்றைக்கு உருளையை நான் நிரப்புகிறேன், நீ பார்க்காதே" என்றாள். திரும்பி நின்றேன். அவள் சில அறைகளில் ரவையும், சிலவற்றில் சுட்டு முடித்த வெறும் கோதும் போட்டு மூடித் தந்தாள். எதில் எது என்று எனக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவதில் விசையை இழுத்தேன், கோதில் சுத்தியல் தட்டி 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் என் இரண்டு கையும் குழலைக் கீழே ஒரு முழுச் சாண் அமுக்கிக்கொண்டு நின்றன. கண் மூடியிருந்தது. வெடிக்காத ஒன்றுக்கு அவ்வளவு பயம். லீஸ் என் தோளில் கையை வைத்து, "எத்தனை வருசமாக இப்படி?" என்று கேட்டாள். நான் துவக்கு எடுத்த முதல் நாளிலிருந்தே இப்படித்தான் என்று நினைக்கிறேன். வெடிச் சத்தம் என் துள்ளலை மூடி மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. உன் தோள் நடுங்கியதைப் பார்த்துப் பொறுக்காமல் உன்னைத் திருத்த வந்தவள், சின்ன ரவைக்கே கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டிருக்கிறாள்.

இனி இரண்டாவது பொய். இதைச் சொல்லத்தான் எனக்குப் பன்னிரண்டு வருசம் எடுத்தது. "நான் சுடுறதுதான்" என்று உனக்குச் சொன்னேன் அல்லவா. அந்த ரவையை நான் ஒருநாளும் சுட்டதில்லை. அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. பெட்டியை ஒவ்வொரு முறையும் பையில் கொண்டுபோவேன், இன்றைக்கு ஒன்று சுட்டுப் பார்ப்போம் என்று மேசையில் வைப்பேன், பிறகு தட்டை மூக்குச் சின்ன ரவையையே எடுப்பேன். பக்கத்தில் யாராவது மக்னம் சுட்டால் கோப்பி குடிக்க உள்ளே போய்விடுவேன். எனக்குத் தைரியம் வராத ஒன்றை என் பிள்ளையின் கையில் தந்து, சின்னது என்று சொல்லிவிட்டு, நான் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றேன். தள்ளி நின்றேன், பிள்ளை. அதை நீ பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு என்னை நம்பி நின்றாய்.

இந்த மாசி மாதம் என் பெருவிரல் அடி மூட்டுத் தேய்ந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். போத்தல் மூடி திறக்கவே அப்பாவைக் கூப்பிடவேண்டியிருக்கிறது. லீஸிடம் சொன்னேன், "வயசுதான் மூட்டுக்கு வந்திருக்கு, விடு" என்றாள். இப்போதுள்ள சட்டப்படி கைத்துவக்கை இன்னொருவருக்கு விற்கவும் முடியாது, பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. கொடுக்க முடிந்திருந்தாலும் உனக்குக் கொடுத்திருப்பேனா? அதனால் பொலிசுக்கு நானே தொலைபேசி எடுத்து, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். உன் அப்பாவைப் பார்க்கவேண்டுமே. பொலிஸ் வருகிறது என்று சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, வாசலில் சப்பாத்துகளை அடுக்கி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு இருந்தார். ஒரு பெண் பொலிசும் ஒரு பெடியனும் வந்தார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார்கள், உன் அப்பாவிடம் அது நடக்குமா. பெண் பொலிஸ் றிவோல்வரைத் திறந்து பார்த்து, இலக்கத்தை எழுதி, ரவை ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். அவள் மக்னம் பெட்டியைத் திறந்து, பார்த்துவிட்டு, "நாற்பத்தொன்பது. ஒன்றுதான் சுட்டீர்களா?" என்று கேட்டாள். "அது நான் சுட்டதில்லை, என்ரை மகள்" என்றேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு இலக்கம். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். அப்பா வந்து, "துவக்குப் போனதுக்கே அழுறாய்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவருக்கும் முழுக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எனக்குச் சொல்லி என்ன? அவளுக்குச் சொல்லு" என்றார்.

ஆகவே சொல்கிறேன். அறிவுரை சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை என்று இவ்வளவு நேரம் வாசித்த உனக்குத் தெரியும். தகுதி இல்லாவிட்டாலும் ஒன்று சொல்லுவேன், நான் உன் அம்மா, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. உன் பிள்ளை விழும், துள்ளும், இருட்டுக்கு அழும், பள்ளிக்கூட வாசலில் உன் காலைக் கட்டிப் பிடிக்கும். அப்போது உனக்குள் ஏதோ ஒன்று துடித்து எழும்பி, இதை இன்றைக்கே, ஒரே அடியில் எடுத்துவிடு என்று சொல்லும். அது உன் பயம், உன் பிள்ளையின் பயம் இல்லை. அந்த நேரம் கொஞ்சம் பொறு. சின்னதிலிருந்து தொடங்கு. நீ தாங்காத எதையும் அதன் கையில் கொடுக்காதே. நன்றாகச் செய்தால் நன்றாகச் செய்தாய் என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லு. கண்ணூறு பட்டால் நான் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறேன், அது என் பொறுப்பு.

நீ சொன்ன ஒரு மாதத்தில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பொய் சொல்லக்கூடாது என்று எழுதத் தொடங்கிவிட்டு இதில் ஒரு பொய் சொல்லக்கூடாது: மனத்தாங்கல் இருக்கிறது. நோகிறது. ஆனால் நான் வரமாட்டேன். நீ கூப்பிடாமல் வரமாட்டேன், கூப்பிட்டால் என்ன செய்யவேண்டும் என்று நீ சொல்லுவாய், நான் அதை மட்டும் செய்வேன். சரக்குத்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன். வழக்கமாக நான் போடுகிற மிளகில் பாதிதான் போட்டேன். உறைப்பு உனக்கு ஒத்துவராது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும், தெரிந்துகொண்டும் "பழகிவிடும்" என்று போட்டவள் நான். அப்பா சனிக்கிழமை பஸ்ஸில் வந்து உன் வாசலில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே கூப்பிட்டால் இருப்பார், கூப்பிடாவிட்டாலும் கோபிக்கமாட்டார், அவரைத் தெரியும்தானே.

அந்தச் சரக்குத்தூள் போத்தலோடு மடித்த தாள் ஒன்று இருக்கும். கவனமாகத் திற, மடிப்பில் கிழியப் பார்க்கிறது. பன்னிரண்டு வருசம் என் நல்ல சேலைகளுக்கு அடியில் இருந்தது. கழகத்தில் எல்லாரும் பயன்படுத்துகிற இலக்குத் தாள், நடுவில் கறுப்பு வட்டம். மற்றத் தாள்களில் எத்தனையோ ஓட்டை இருக்கும், வட்டமாக, சுத்தமாக, சின்ன ரவை போட்டவை. இதில் ஒன்றே ஒன்று. ஓரமெல்லாம் கிழிந்து பிய்ந்து இருக்கிறது, அது மக்னம் போட்ட ஓட்டை, வேறு எதுவும் அப்படிப் போடாது. அந்தக் கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் இருக்கிறது. இவ்வளவு வருசம் சுட்டும் நான் ஒருமுறைகூட அந்த இடத்தில் போட்டதில்லை. நான் நடந்து போய் அதைப் பார்த்தேன், பார்த்து அப்படியே நின்றேன், பிறகு மடித்துக்கொண்டு வந்து உன் முகத்தைப் பார்த்துப் படேல்லை என்று சொன்னேன். படேல்லை என்று சொன்னால் இன்னொன்று சுடுவாய் என்று நினைத்தேன்.

அதுதான் மூன்றாவது பொய். பட்டது, பிள்ளை. அன்றைக்கே நடுவிலேதான் பட்டது.

அம்மா